கையால் மொழிபெயர்ப்போர்

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியேறிய நம்மவர்க்கு மொழிபெயர்ப்பு என்பது ஏட்டிலே கற்ற கலை அன்று. மருத்துவமனையிலும் ரேஷன் கடையிலும் மராத்தியிலோ இந்தியிலோ கூறப்பட்டதைத் தாய்க்குத் தமிழில் எடுத்துரைத்த சிறுவர் சிறுமியர் நம்மிடையே எத்தனையோ பேர். தாராவியில் இக்காட்சி இன்றும் உண்டு. அச்சிறுவர்க்கு எவரும் ஊதியம் அளித்ததில்லை. அவர்கள் எதிர்பார்த்ததும் இல்லை. செவிகேளாத பெற்றோர்க்குப் பிறந்த பிள்ளைகளும் இவ்வாறே வளர்கின்றனர். சைகைமொழி பெயர்ப்பாளர் என்னும் தொழிலினர் உலகெங்கும் பெரும்பாலும் இத்தகைய வீடுகளிலிருந்தே முதலில் தோன்றினர். வீட்டை விட்டு அப்பணி நீதிமன்றத்திற்கும் கல்லூரிக்கும் சென்ற பின்னரும், அதனைப் பிள்ளை செய்யும் உதவியாகவே உலகம் கருதி வந்தது.

இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. இந்தியாவில் செவிகேளாதோர்க்கென எழுந்த முதற்பள்ளி இந்நகரத்தது. 1880களின் நடுவில் லியோ மியூரின் என்னும் கத்தோலிக்க ஆயர் அதனைத் தோற்றுவித்தார். இன்று அது மசகாவில் உள்ளது. ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1880 செப்டம்பரில், இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, வகுப்பறையில் வாய்மொழியே வேண்டும், சைகை ஆகாது என்று தீர்மானித்திருந்தது. அம்மாநாட்டில் செவிகேளாத ஆசிரியராக வீற்றிருந்தவர் ஒரே ஒருவர்! வகுப்பில் விலக்கப்பட்ட மொழி விடுதியிலும் விளையாட்டிடத்திலும் வளர்ந்தது. மொழியென்றே ஒப்புக்கொள்ளப்படாத ஒன்றைப் பெயர்ப்பவர்க்கு ஊதியம் எங்ஙனம் கிட்டும்? அத்தீர்மானத்தைப் பிற்காலக் கல்வி மாநாடு வான்கூவரில் மறுத்தது 2010ஆம் ஆண்டிலேதான்.

இதற்கிடையே செவிக்கு மொழிபெயர்ப்போர் நன்னிலை எய்தினர். 1945இல் தொடங்கிய நூரம்பர்க் வழக்கில் மூன்று குழுக்கள் முறைவைத்துப் பணியாற்றின. 85 நிமிடங்களில் ஒரு குழு எழுந்து மற்றொன்று அமரும். பேச்சு விரைந்தால் மஞ்சள் விளக்கு எரியும். பேசுபவர் தம் வேகத்தைத் தணித்தாக வேண்டும். நம் மக்களவையில் உடனுக்குடன் மொழிபெயர்க்கும் வசதி 1964 செப்டம்பரில் வந்தது. அதே ஆண்டு ஜூனில், அமெரிக்காவின் மன்சி நகரில் கூடியோர் சைகைமொழி பெயர்ப்பாளர்க்கென ஒரு பதிவு அமைப்பைத் தொடங்கினர். அதுவரை அப்பணியைச் செய்தவர் பெரும்பாலும் உறவினரும் பாதிரிமாருமே. மறு ஆண்டில் தொழில்சார் மறுவாழ்வுச் சட்டம் திருத்தப்பட்டு, அரசுப் பணம் கொண்டு அவர்க்கு ஊதியம் அளிக்க வழி பிறந்தது.

மைய அரசில் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அகராதி புரட்டவும், எழுதியதை அடித்துத் திருத்தவும் அவகாசம் உண்டு. மாதம் தவறாத சம்பளமும் உண்டு. சைகையால் பெயர்ப்பவர்க்கோ நொடி தவறினால் வாக்கியம் போயிற்று. கையும் தோளும் கண்ணும் கருத்தும் ஒருங்கே உழைக்க வேண்டும். இருபது முப்பது நிமிடங்களுக்கு மேல் ஒருவரே தொடர்ந்தால் அயர்ச்சியால் பொருள் சிதையும். ஆதலின் நீண்ட நிகழ்ச்சிகளுக்கு இருவர் வேண்டும் என்பது ஆடம்பரம் அன்று. அங்கே சிதைவது மருந்தின் அளவாகவோ சாட்சியின் சொல்லாகவோ இருக்கக்கூடும்; அந்நட்டத்தைச் சுமப்பவர் செவிகேளாதவரே.

தாராவியிலிருந்து மாகிம் கழியைக் கடந்தால் பாந்த்ரா. அங்கே 1983இல் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் எழுந்தது. 1970களின் பிற்பகுதியில் மதன் வசிஷ்டா முதலிய ஆய்வாளர்கள், டில்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் ஆகிய நகரங்களின் சைகைகளில் ஏறக்குறைய 75 விழுக்காடு தம்முள் தொடர்புடையவை எனக் கண்டனர். மராத்தியர்க்கும் தமிழர்க்கும் வாய்மொழியில் கிட்டாத ஒற்றுமை இது! ஆயினும் முறையான சைகைமொழி வகுப்புகளும் பெயர்ப்பாளர் பயிற்சியும் அந்நிறுவனத்தில் உருப்பெற 2001ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. டில்லியில் இதற்கெனத் தனி மையம் அமைந்தது 2015இல். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் செவிக்குறை உடையோர் ஐம்பது இலட்சத்திற்கு மேல்.

சட்டத்தின் நடையும் இவ்வாறே மெதுவானது. பேச இயலாத சாட்சி சைகையால் சான்று கூறலாம் என 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் இசைந்தது. அச்சைகையைப் புரிந்துரைப்பவர் யார்? 2013இன் திருத்தமே அங்கு மொழிபெயர்ப்பாளரையோ சிறப்புக் கல்வியாளரையோ அமர்த்துமாறு விதித்தது. அவர்க்குரிய ஊதியம் பற்றி அப்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. 2023இல் செவிகேளாத வழக்கறிஞர் சாரா சன்னி உச்ச நீதிமன்றத்தில் பெயர்ப்பாளர் துணையுடன் வாதிட்டார். பின்னர் நீதிமன்றமே அவர்க்குப் பெயர்ப்பாளர் ஒருவரை நியமித்தது.

செம்பூரிலிருந்து கோட்டைப் பகுதியிலுள்ள நீதிமன்றம் வரை மின்ரயிலில் நெருக்குண்டு சென்று, அரை நாள் காத்திருந்து, வழக்கு ஒத்திவைக்கப்பட்டதென்று கேட்டுத் திரும்பும் பெயர்ப்பாளரை எண்ணிப் பாருங்கள். கையை அசைத்த நிமிடங்களுக்கு மட்டும் கூலி என்றால் அன்று அவர்க்கு ஒன்றுமே இல்லை. பயணமும் காத்திருப்பும், வழக்கின் விவரங்களை முன்கூட்டிப் படித்தறியும் நேரமும் கணக்கில் ஏற வேண்டும். எவ்வளவு என்பதையும் பணிக்கு அழைக்கும்போதே எழுதித் தர வேண்டும்.