மரச்சீனியும் ஒரு பழைய கோடும்

2021 நவம்பர் 1 அன்று, ஏறத்தாழ இருபது மாத இடைவெளிக்குப் பின், கேரளத்தில் தொடக்க வகுப்புகள் திறந்தன. தமிழ்நாட்டு அரசும் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு அதே நாளைத்தான் குறித்திருந்தது. சரியாக 65 ஆண்டுகளுக்கு முன், 1956 நவம்பர் 1 அன்று, தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நேசமணி முன்னின்ற திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் வேண்டிய பகுதிகளுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. அது கேரளத்திலேயே நின்றது. நாள் பொருந்தியது தற்செயல்தான். ஆயினும் பாறசாலைப் பக்கத்துப் பெருந்தொற்றுக் காலக் கல்வியை அந்தக் கோட்டை மறந்துவிட்டு எழுத இயலாது.

பெரும்பான்மை மொழியை அளவுகோலாகக் கொண்டு வட்டங்களைப் பிரித்தனர். பேச்சு அந்த எல்லையில் முறியவில்லை. தமிழில் களியக்காவிளை, மலையாளத்தில் களியிக்காவிள. ‘விளை’ என்ற நிலச்சொல் இருபுறத்து ஊர்ப்பெயர்களிலும் உண்டு. பொது எழுத்துத் தமிழ் மரவள்ளி என்பதையும் மத்திய கேரளம் கப்ப என்பதையும் இவ்வூர்க் குழந்தை மரச்சீனி என்கிறது, எந்தப் புறத்தில் பிறந்தாலும். குடிக்கும் நீர் அதற்கு வெள்ளம். தமிழ்ப் பாடநூலில் வெள்ளம் என்றால் பெருக்கு. வகுப்பறையில் இவ்விடைவெளியை ஆசிரியர் ஒரு சொல்லில், பெரும்பாலும் தம்மை அறியாமலே, நிரப்பிவிடுவார். மொழியியல் படித்த எனக்கே அதை ஒரு கற்பித்தல் முறை என்று காண நெடுங்காலம் பிடித்தது.

2020 ஜூன் 1 முதல் கைட் விக்டர்ஸ் தொலைக்காட்சியில் ‘ஃபஸ்ட் பெல்’ பாடங்கள் தொடங்கின. தொலைக்காட்சியோ கைப்பேசியோ இல்லாத மாணவர் சுமார் 2.6 இலட்சம் என்று கேரளம் கணக்கிட்டு, உதவியும் செய்தது, பாராட்டத்தக்கதே. ஆனால் அது கருவிகளின் கணக்கு. திரையில் வந்த ஆசிரியர் மாநிலம் முழுமைக்கும் ஒரே மொழிநடையில் பேச வேண்டியிருந்தது. கேரளத்தின் தமிழ்வழிப் பாடங்களோ முதன்மையாக யூடியூபில் வந்தன. மலையாளவழிக் குழந்தைக்குத் தொலைக்காட்சி போதும், தமிழ்வழிக் குழந்தைக்கு இணையமும் வேண்டும். தமிழ்நாட்டின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலேயே தொடங்கியிருந்தது, எனினும் அதன் பாடத்திட்டம் வேறு. களியக்காவிளையில் இ-பாஸ் கேட்டபோது, அடுத்த தெருவின் பாட்டி வீடு வேற்று மாநிலமாயிற்று.

அந்நாள்களில் ஆசிரியர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்பதிவுகளே அக்காலத்தின் அரிய சான்றுகள்: பொதுமொழியில் தொடங்கி, பாதியில் ஊர்ப்பேச்சுக்கு இறங்குபவை. கைப்பேசி மாற மாற அவை அழிகின்றன. பாறசாலை, நெய்யாற்றின்கரை, விளவங்கோடு நண்பர்கள் எவரிடமேனும் அவை இருப்பின், அழிக்காமல் வைத்திருங்கள். ஆசிரியரின் இசைவோடு கேட்க வருகிறேன்.