பூசையோடு நின்றுவிடாத கோயில்

சின்ன காஞ்சிபுரத்து வரதராசப் பெருமாள் கோயிலைப் பற்றி எழுதுகிறவர்கள் அது நிற்கும் அத்திகிரிக் குன்றின் தலபுராணத்தைச் சொல்வார்கள். இல்லாவிட்டால் நூற்றுக்கால் மண்டபத்துக் கற்சங்கிலியைச் சொல்வார்கள். இந்தக் கோயிலை ஊர் எதற்கெல்லாம் வைத்திருந்தது என்று கேட்பவர்கள் குறைவு. கோயில் பணத்தில் கல்லூரி கட்டலாமா, அது பூசைக்கு மட்டும்தானா என்ற வழக்கு இன்று சூடாக நடக்கிறது. ‘பூசைக்கு மட்டும்’ என்கிறவர்கள் பழைய மரபைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். காஞ்சி வட்டாரக் கல்வெட்டுகளைப் பார்த்தால் அந்த மரபு அவர்களுக்குச் சாட்சி சொல்லாது என்பதே என் வாதம்.

வரதர் கோயிலின் சுவர்களில் சோழர் காலம் முதல் விஜயநகர காலம் வரை நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள் உள்ளன. நில விற்பனை, வரி நீக்கம், நந்தா விளக்குக் கொடை என்று அந்தச் சுவரே ஊரின் பத்திரப்பதிவு அலுவலகமாக இருந்திருக்கிறது. சோழர் காலத்து விளக்குக் கொடை எப்படி நடந்தது என்பதைக் கவனியுங்கள். ஒருவர் 90 ஆடோ 96 ஆடோ கொடுப்பார். கோயில் அவற்றை இடையர்களிடம் ஒப்படைக்கும். ‘சாவா மூவாப் பேராடு’ என்பது அவற்றுக்குப் பெயர். மந்தை செத்தாலும் மூத்தாலும் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வதும், நாள்தோறும் உழக்கு நெய் அளப்பதும் இடையர் பொறுப்பு. மிச்சப் பாலும் குட்டியும் அவர்களுக்கு. எரிந்தது சந்நிதி விளக்குதான். ஆனால் அதைச் சுற்றி ஒரு முதலீடும் பல குடும்பங்களின் பிழைப்பும் இருந்தன.

இதற்கும் மேலான சான்று பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், அங்குள்ள பெருமாள் கோயில் சுவரில் இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில் பொறித்தது. வயலைக்காவூர் வருமானத்திலிருந்து பூசைக்கு இவ்வளவு, வேதமும் இலக்கணமும் படிக்கும் மாணவர்களுக்கு இவ்வளவு, வீரசோழன் என்ற ஆதுலர் சாலைக்கு இவ்வளவு என்று செலவு பிரித்து எழுதியிருக்கிறது. அந்த மருத்துவச் சாலையில் 15 படுக்கை. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், பணிவிடைக்குப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீர் எடுக்க ஒருவர். மருந்துகளின் பெயர் வரிசையாக வருகிறது. இரவில் எரிய ஒரு விளக்குக்கு எண்ணெயும் மறக்காமல் ஒதுக்கியிருக்கிறார்கள். நோயாளி இருட்டில் கிடக்கக் கூடாது என்று நினைத்த அந்தக் கையை வணங்கத்தான் தோன்றுகிறது.

இது நம்மிடம் மட்டும் இருந்த வழக்கமும் அல்ல. இங்கிலாந்தின் பழைய ஊர்த் தேவாலயங்களில் பீடம் உள்ள பகுதியைப் பாதிரியாரும் நடுக்கூடத்தை ஊராரும் பராமரித்தார்கள். அந்தக் கூடத்தில் ஊர்க்கூட்டம் கூடியது. விருந்து வைத்து பீர் விற்றுக் கட்டடச் செலவுக்குப் பணம் சேர்த்தார்கள். 1601ஆம் ஆண்டுச் சட்டம் ஏழைகளைப் பராமரிக்கும் பொறுப்பையும் அந்தந்தத் திருச்சபை வட்டாரத்திடமே கொடுத்தது. பிற்காலத்தில் அந்த வேலைகள் அரசுக்குப் போயின, தொழ வருபவர்களும் குறைந்தார்கள். வழிபாடு நின்றுபோன 350க்கும் மேற்பட்ட தேவாலயங்களை இன்று ஓர் அறக்கட்டளை காத்துவருகிறது.

கோயில் வேறு காரியங்களுக்குப் பயன்பட்டபோதெல்லாம் கேடுதானே வந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1688இல் படையெடுப்புக்கு அஞ்சி வரதரையே உடையார்பாளையத்துக்குக் கொண்டுபோய் மறைத்தார்கள். ஆத்தான் ஜீயரின் முயற்சியாலும் தளபதி தோடர்மல்லின் படைபலத்தாலும் 1710இல்தான் பெருமாள் ஊர் திரும்பினார். கர்நாடகப் போர்களில் காஞ்சியின் பெருங்கோயில் கோட்டையாயிற்று. 1751இல் பிரெஞ்சுக்காரர் பக்கம் நின்ற ரசா சாகிபின் ஆட்கள் உள்ளே காவல் போட, ஆங்கிலேயத் தளபதி கிளைவ் பீரங்கியால் அடித்து அவர்களை வெளியேற்றினார். 1757இல் கோயிலைப் பிடிக்க முடியாத பிரெஞ்சுப் படை ஊருக்குத் தீ வைத்தது. பின்னர் மைசூர்ப் போரில், 1780இல் பொள்ளிலூரில் ஆங்கிலேயத் தளபதி பெய்லியின் படை அழிந்ததும், காஞ்சியிலிருந்து பின்வாங்கிய இன்னொரு தளபதி மன்றோ தன் கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுப் போனார். மதிலும் குளமும் இருந்ததால் வந்த வினை இது. படைக்காரன் பறித்துக்கொண்ட பயனும் ஊர் கூடித் தந்த பயனும் ஒன்றல்ல. முதலாவதைக் காட்டி இரண்டாவதை மறுக்க முடியாது.

கனமான மறுப்பு வேறொன்று: அந்த ‘ஊர்’ யாருடையது? கோயிலின் நிலத்தில் உழைத்த பலருக்கு அதன் வாசல் திறக்கவில்லை. எல்லாருக்கும் வாசலைத் திறந்த ஆலய நுழைவுச் சட்டம் 1947இல்தான் வந்தது. இதை மறைத்துவிட்டுப் பழைய பெருமை பேசுவது பொய். ஆனால் இந்த உண்மையும் ‘பூசைக்கு மட்டும்’ என்பதற்கு வலு சேர்ப்பதில்லை. தலைமுறை தலைமுறையாக வெளியே நின்றவர்களின் பிள்ளைகள் கோயில் பணத்தில் படிப்பது அந்தக் கடனில் ஒரு பகுதியைத் தீர்ப்பதாகும். 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டமும் உபரி நிதியைக் கல்விக்கும் மருத்துவத்துக்கும் செலவிட இடம் தருகிறது.

எதிர்த்தரப்பின் ஓர் அச்சத்தை மட்டும் நான் முழுதாக ஏற்கிறேன்: எது உபரி என்று தீர்மானிப்பது யார்? 1790களில் கலெக்டர் லயனல் பிளேஸ் காஞ்சிக் கோயில்களின் நிர்வாகத்தைக் கையில் எடுத்தார். வரதருக்கு நகையும் கொடுத்தார். அன்று தொடங்கி, கோயில் கணக்கு அலுவலகக் கோப்புக்குள் போனது. 1863ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசு விலகி நின்ற காலத்திலும் அது ஊரார் கண்ணுக்கு வரவில்லை. திருமுக்கூடலில் மருந்தும் விளக்குக்கான எண்ணெயும் உட்பட ஒவ்வொரு செலவும் கல்லில் எழுதி, எல்லாரும் பார்க்கும் சுவரில் நின்றது. கல்லூரி கட்டட்டும், எந்த நிலத்தின் குத்தகையிலிருந்து எவ்வளவு எடுத்தார்கள் என்பதை அந்தந்தக் கோயிலின் மதிலிலேயே எழுதி வைக்கட்டும்.