கடைசிப் பெட்டியின் காவலர்

ஏற்காட்டிற்கு இரயில் கிடையாது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூருக்குச் சேலத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த மலைச்சாலையில்தான் செல்ல வேண்டும். ஆயினும், சென்னைக்கும் ஈரோட்டுக்கும் இடையே இரவில் ஓடும் விரைவு வண்டி ஒன்று ஏற்காட்டின் பெயரைத் தாங்கியிருக்கிறது. சேர்வராயன் மலையின் மேற்கு அடிவாரத்தை ஒட்டியே சென்னை–சேலம் இருப்புப்பாதை செல்கிறது. பொம்மிடி, லோகூர், டேனிஷ்பேட்டை, தின்னப்பட்டி, கருப்பூர் என்று அடுத்தடுத்து வரும் நிலையங்களிலிருந்து பார்த்தால் மலை தெளிவாகத் தெரியும்.

அந்த வண்டிகளின் கடைசிப் பெட்டியில் ஒருவர் கொடியுடன் நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவரைத்தான் 'கார்டு' என்கிறோம். நீங்களோ உங்கள் உறவினரோ அந்த வேலைக்குத் தேர்வாகி, பயிற்சிக்குப் புறப்பட ஆயத்தமாகிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் துணிமணிகளோடு சிறிது வரலாற்றையும் எடுத்துச் செல்வது நல்லது. பயிற்சியில் நீங்கள் மனப்பாடம் செய்யப்போகும் விதிகள் பலவற்றின் பின்னால் ஒரு விபத்தும், அதில் மாண்ட மனிதர்களும் இருக்கிறார்கள். காரணம் தெரிந்து கற்ற விதி, நெருக்கடி நேரத்தில் மறந்துபோகாது.

மலையடிக்கு வந்த பாதை

தென்னிந்தியாவின் முதல் பயணி இருப்புப்பாதை 1856ஆம் ஆண்டு சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. சென்னை இரயில்வே என்னும் கம்பெனி அதை மேற்கு நோக்கி நீட்டியது. 1861இல் பாதை சேலத்தை அடைந்தது. 1862இல் போத்தனூரை எட்டி, மேற்குக் கடற்கரையிலிருந்து வந்த பாதையுடன் இணைந்தது. சேலத்தின் பெரிய நிலையம் நகரிலிருந்து விலகி, சூரமங்கலத்தில் அமைந்தது. அதற்கு 30 ஆண்டுகளுக்கு மேல் முன்பே, கலெக்டர் காக்பர்ன் காலத்தில், சேர்வராயன் மலையில் காப்பி பயிரிடப்பட்டுவிட்டது. மலையடியில் வெள்ளைக்கல் எனப்படும் மேக்னசைட் கனிமமும் இருந்தது. இன்றும் சேலத்தை அடுத்து 'மேக்னசைட் சந்திப்பு' என்றே ஒரு நிலையம் உண்டு.

1908இல் ஜோலார்பேட்டைக்கு மேற்கேயுள்ள பாதை தென்னிந்திய இரயில்வேக்குச் சென்றது. 1951இல் தெற்கு இரயில்வே உருவானது. 2007 நவம்பர் முதல் நாளன்று சேலம் தனிக் கோட்டமாயிற்று.

கார்டு என்ற பெயர் எப்படி வந்தது?

இப்பெயர் இரயிலைவிடப் பழமையானது. இங்கிலாந்தில் 1784ஆம் ஆண்டு ஜான் பால்மர் என்பவரின் திட்டப்படி, தபால் மூட்டைகளை ஏற்றிச் செல்லும் குதிரை வண்டிகள் ஓடத் தொடங்கின. வழிப்பறிக்காரர்களுக்கு அஞ்சி, துப்பாக்கி ஏந்திய காவலர் ஒருவர் வண்டியின் பின்புறம் அமர்ந்து சென்றார். பூட்டிய பெட்டிக்குள் வைத்த கடிகாரம் ஒன்றும் அவரிடம் இருக்கும். தபாலைக் காப்பதும் நேரத்தைக் காப்பதும் அவர் கடமை. இரயில் வந்தபோது அந்தப் பெயரும், கடிகாரமும், பின்புற இருக்கையும் அப்படியே தொடர்ந்தன. துப்பாக்கி மட்டும் போய்விட்டது. அதனிடத்தில் பிரேக் சக்கரம் வந்தது.

தொடக்க கால வண்டிகளில் எல்லாப் பெட்டிகளையும் ஒருசேரப் பிடித்து நிறுத்தும் பிரேக் இல்லை. எஞ்சினில் ஒரு கைப்பிரேக்கும், கார்டின் பெட்டியில் ஒரு கைப்பிரேக்கும் இருக்கும். ஓட்டுநர் விசில் கொடுத்தால், கார்டு தம் பெட்டியின் சக்கரத்தைத் திருகி இறுக்க வேண்டும். மூன்று முறை குறுகிய ஒலி கொடுத்தால் 'கார்டு பிரேக் போடுக' என்று பொருள் கொள்ளும் வழக்கம் இந்திய இரயில்வேயின் விசில் குறிகளில் இன்றும் இருக்கிறது.

ஆர்மாக் கற்பித்த பாடம்

1889 ஜூன் 12. அயர்லாந்தில் ஆர்மாக் என்னும் ஊரிலிருந்து, ஞாயிறு மறைப்பள்ளிக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஓர் உல்லாசப் பயண வண்டி புறப்பட்டது. 75க்கு 1 என்ற ஏற்றத்தில் எஞ்சின் இழுக்க முடியாமல் நின்றுவிட்டது. வண்டியை இரண்டாகப் பிரித்து, முன்பகுதியை முதலில் மேலே கொண்டுசெல்ல முடிவு செய்தார்கள். பின்பகுதியில் 10 பெட்டிகள் இருந்தன. அவற்றைப் பிடித்து நிறுத்தக் கடைசிப் பெட்டியின் கைப்பிரேக்கும், சக்கரங்களுக்கடியில் வைத்த சில கற்களுமே இருந்தன.

75க்கு 1 என்பது பார்வைக்குச் சிறு சரிவுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 டன் எடையுள்ள பெட்டிகளை அச்சரிவு கீழ்நோக்கி இழுக்கும் விசை, ஏறத்தாழ ஒன்றேகால் டன் எடைக்கு மேல்! முன்பகுதி புறப்படும்போது சிறிது பின்வாங்கிப் பின்பகுதியைத் தொட்டது. கற்கள் நொறுங்கின. கைப்பிரேக் தாங்கவில்லை. பெட்டிகள் கீழ்நோக்கி உருண்டு, பின்னால் வந்துகொண்டிருந்த மற்றொரு வண்டியில் மோதின. ஏறத்தாழ 80 பேர் மாண்டனர். அவர்களில் பலர் குழந்தைகள்.

அந்த வண்டியிலும் வெற்றிட பிரேக் இருந்தது. ஆனால் எஞ்சின் காற்றை உறிஞ்சினால்தான் அது பிடிக்கும். எஞ்சினைப் பிரித்ததும் அது பயனற்றுப்போயிற்று. அதே ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதன்படி, பயணி வண்டிகளில் தானியங்கித் தொடர் பிரேக் இருக்க வேண்டும். ஒரு பாதைப் பகுதியில் ஒரு நேரத்தில் ஒரே வண்டிதான் இருக்க வேண்டும்.

தானியங்கி பிரேக்கின் தத்துவம் தலைகீழானது. பிரேக்கைப் பிடிக்க ஆற்றல் தேவையில்லை. விடுவிக்கத்தான் ஆற்றல் தேவை. இன்றைய காற்று பிரேக்கில், வண்டி நெடுகச் செல்லும் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோகிராம் அளவு அழுத்தம் இருக்கும். பெட்டிகள் பிரிந்து குழாய் அறுந்தாலும், பயணி அபாயச் சங்கிலியை இழுத்தாலும் அழுத்தம் குறையும். உடனே பிரேக்குகள் பிடித்துக்கொள்ளும். கார்டின் பெட்டியிலுள்ள அழுத்தமானியின் முள் இறங்குவதைக் கண்டு அவரும் அதை அறிவார். புறப்படுமுன் அந்த முள்ளைப் பார்த்து, கடைசிப் பெட்டி வரை அழுத்தம் வந்துள்ளதா என்று உறுதிசெய்வது ஏன் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

600 மீட்டர், 1,200 மீட்டர்

பயிற்சியில் நீங்கள் கற்கும் மிக முக்கியமான பாடம், நின்றுவிட்ட வண்டியைக் காப்பது. விபத்தாலோ தடையாலோ நடுவழியில் வண்டி நின்றுவிட்டால், கார்டு கைவிளக்குடனும் கொடியுடனும் பின்னோக்கி நடக்க வேண்டும். அகலப்பாதையில் 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டரைத் தண்டவாளத்தின்மேல் பொருத்த வேண்டும். பிறகு 1,200 மீட்டருக்குக் குறையாத தொலைவில், 10 மீட்டர் இடைவெளிவிட்டு மூன்று பொருத்த வேண்டும். வரும் வண்டியின் சக்கரம் ஏறினால் அவை பெருத்த ஒலியுடன் வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும். இந்த வெடிவில்லையை 1841இல் எட்வர்டு கூப்பர் என்ற ஆங்கிலப் பொறியாளர் கண்டுபிடித்தார். மூடுபனியில் கண் தோற்கும்போது காதை நம்பும் ஏற்பாடு அது.

1,200 மீட்டர் ஏன்? மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கிறது. பிரேக் போட்டபின் அதன் வேகம் நொடிக்கு நொடி 0.4 மீட்டர் குறைவதாகக் கொண்டால், நிற்பதற்கு ஒரு கிலோமீட்டரை நெருங்கிய தொலைவு வேண்டும். ஆனால் 1,200 மீட்டரைச் சரளைக் கற்களின்மேல் நடந்து கடக்க உங்களுக்கு 18 நிமிடமாவது ஆகும். அதற்குள் வண்டி வந்துவிட்டால்? அதற்காகவே பாதி வழியில் முதல் வெடிவில்லை. திரும்ப அழைக்கப்படும்போது இந்த இடைவில்லையை மட்டும் எடுத்துக்கொண்டு, தொலைவிலுள்ள மூன்றையும் அங்கேயே விட்டுவர வேண்டும். கார்டு பெட்டிக்குத் திரும்பும் நேரத்திலும் வண்டிக்குப் பின்னே ஒரு காவல் இருக்கும்.

கண்ணும் கடிகாரமும்

பணியில் சேருமுன் மருத்துவர் உங்கள் நிறப்பார்வையைச் சோதிப்பார். இதற்கும் ஒரு கதை உண்டு. 1875இல் சுவீடனின் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு வண்டிகள் மோதின. உப்சாலாவைச் சேர்ந்த உடலியல் பேராசிரியர் ஹோல்ம்கிரென், நிறக்குருடே காரணமாக இருக்கலாம் என ஐயுற்றார். மறு ஆண்டு அவர் வண்ணக் கம்பளி நூல்களைக் கொண்டு 266 இரயில்வே ஊழியர்களைச் சோதித்தார். 13 பேருக்குக் குறை இருந்தது. அந்த விபத்துக்கு உண்மையில் நிறக்குருடுதான் காரணமா என்று பிற்கால ஆய்வாளர்கள் ஐயம் எழுப்பியுள்ளனர். எனினும் சோதனை நிலைத்துவிட்டது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாதவர் கையில் பல நூறு உயிர்களை ஒப்படைக்க முடியாது என்பதில் ஐயமில்லை.

கடிகாரத்தின் கதையும் சுவையானது. ஒரு காலத்தில் இந்திய இரயில்வேக்கள் சென்னை நேரத்தைப் பின்பற்றின. சென்னை வானாய்வகத்தில் கணிக்கப்பட்ட அந்நேரம் கிரீன்விச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிடம் 14 நொடி முந்தியது. 1906இல் ஐந்தரை மணி முந்திய இந்தியத் திட்ட நேரம் வந்தபோது, இரயில் கடிகாரங்கள் ஏறத்தாழ 9 நிமிடம் முன்னே நகர்ந்தன.

பயிற்சியும் எதிர்காலமும்

தெற்கு இரயில்வேயின் மண்டலப் பயிற்சி நிலையம் திருச்சிராப்பள்ளியில் உள்ளது. பொது விதிகள், சைகைகள், பிரேக், முதலுதவி ஆகியவற்றை வகுப்பில் கற்றபின், அனுபவமுள்ள கார்டுடன் சென்று பாதையைப் பழக வேண்டும். எங்கே சரிவு, எங்கே வளைவு, எந்தச் சைகை மரங்களுக்குப் பின் மறைகிறது என்பதைப் பகலிலும் இரவிலும் பார்த்து மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். லோகூர்ப் பக்கத்துச் சரிவைப் படத்தில் காண்பது வேறு, நள்ளிரவில் கடைசிப் பெட்டியில் நின்று உணர்வது வேறு.

2022 ஜனவரியில் 'கார்டு' என்ற பதவிப்பெயர் 'டிரெயின் மேனேஜர்' என்று மாற்றப்பட்டது. வண்டி பிரிந்துவிட்டதா என்பதைக் கடைசிப் பெட்டியிலிருந்து வானொலி அலை வழியே எஞ்சினுக்கு அறிவிக்கும் கருவிகளும் சோதிக்கப்பட்டுள்ளன. கருவி அழுத்தத்தை அளக்கும். பெட்டி பிரிந்ததைச் சொல்லும். ஆனால் இருளில் கைவிளக்குடன் இறங்கி 1,200 மீட்டர் நடப்பதற்கும், காயமுற்றவருக்குக் கட்டுப்போடுவதற்கும் மனிதர்தான் வேண்டும்.

ஒவ்வொரு வண்டியின் கடைசிப் பெட்டியிலும் ஒரு பலகையோ சிவப்பு விளக்கோ இருக்கும். நிலைய அதிகாரி அதைக் கண்டபின்தான் வண்டி முழுமையாக வந்து சேர்ந்தது என்று ஏற்பார். அடுத்த முறை சேலம் நிலையத்தில் நிற்கும்போது, எஞ்சினைப் பார்த்துவிட்டு நின்றுவிடாதீர்கள். கடைசிப் பெட்டி கடக்கும்வரை பாருங்கள்.