வலுவான சீட்டு: பதுங்குவதா, உயர்த்துவதா?

போக்கர் ஆட்டத்தில் நல்ல சீட்டு சேர்ந்தவருக்கு இரண்டு வழிகள் உண்டு. உடனே பந்தயத்தை உயர்த்தலாம். அல்லது சுமாரான சீட்டு போலக் காட்டி, எதிராளியைப் பணம் கட்டவிட்டு, பிறகு உயர்த்தலாம். இரண்டாவதை 'ஸ்லோ பிளே' என்பர். சுரண்டை, தென்காசிப் பக்கம் மூணு சீட்டு ஆடிப் பழகியவருக்கு இந்தத் தந்திரம் புதிதல்ல, பெயர்தான் புதிது.

கையில் இரண்டு ராஜா. மேசையில் ஒரு ராஜா, ஒரு ஏழு, ஒரு இரண்டு, மூன்றும் வெவ்வேறு இனம் என்று வைத்துக்கொள்வோம். எதிராளி முந்த வழி குறைவு, பதுங்கலாம். மேசையில் இரண்டு ஆர்ட்டின் கிடந்தால் நிலைமை வேறு. அடுத்த ஆர்ட்டினைக் காசில்லாமல் அவருக்குக் காட்டியதாகிவிடும். உயர்த்துவதே நல்லது.

இதைக் கணக்காக்கியவர் அமெரிக்கக் கணிதவியலாளர் ஹெரால்டு கூன். 1950இல் ஜாக்கி, ராணி, ராஜா என மூன்றே சீட்டுகள் கொண்ட இருவர் ஆட்டத்தை அவர் ஆராய்ந்தார். முதலில் ஆடுபவர் வெறும் ஜாக்கியை வைத்து எத்தனை முறை பொய்யாகப் பந்தயம் கட்டுகிறாரோ, அதைப்போல் மூன்று மடங்கு முறை ராஜாவை வைத்துக் கட்ட வேண்டும். பொய்யே கட்டாதவர் ராஜாவோடு எப்போதும் பதுங்கலாம். ஜாக்கியில் மூன்றில் ஒருமுறை பொய் கட்டுபவர் ராஜாவோடு ஒருபோதும் பதுங்கக் கூடாது. சரியாக ஆடும் எதிராளியிடம் இரண்டுக்கும் பலன் ஒன்றே. ஆக, பதுங்குவதா என்ற கேள்விக்கு விடை கையிலுள்ள சீட்டில் மட்டும் இல்லை. ஆடுபவரின் மொத்தப் பழக்கத்தில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி நீதிமன்றப் படியேறியது. ரம்மி பெரிதும் திறமை சார்ந்தது என 1967இல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. இணைய ஆட்டங்களில் பணம் இழந்தோரின் தற்கொலைகளை அடுத்து மாநில அரசு கொண்டுவந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்ட் 3 அன்று ரத்து செய்தது. நீதிபதி கே. சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் புதிய சட்டம் உருவாகி, 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டாலும், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி, அவற்றுக்குத் தடை பொருந்தாது என்றது.

திறமை உண்டு என்பது சரிதான். ஆனால் அது யார் பக்கம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பதுங்கி ஆடும் உத்தி, அதை அறியாதவரிடம்தான் நன்றாகப் பலிக்கும். வெறும் அதிர்ஷ்ட ஆட்டத்திலாவது புதியவருக்குச் சம வாய்ப்பு இருக்கலாம். திறமை ஆட்டத்தில் தேர்ந்தவரிடம் அவர் தோற்பது ஏறக்குறைய உறுதி. கைப்பேசியில் எதிராளியின் முகமும் தெரியாது. அவர் எத்தனை ஆயிரம் ஆட்டம் ஆடியவர் என்பதும் தெரியாது.

2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற ஒன்றியச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமலே தடை செய்தது.