சில்வியா பிளாத்தின் ‘கட்’ கவிதையில் படிமங்களும் வரலாறும்

1962 அக்டோபர் 24 என நாளிடப்பட்ட சில்வியா பிளாத்தின் ‘கட்’ (வெட்டு) என்னும் கவிதை ஒரு சிறு காயத்தில் தொடங்குகிறது. வெங்காயத்துக்கு மாறாகக் கட்டைவிரல் நுனி கத்தியில் சீவப்படுகிறது. கணவர் டெட் ஹியூஸைப் பிரிந்து, இங்கிலாந்தின் டெவன் பகுதியில் இரு குழந்தைகளுடன் பிளாத் வாழ்ந்த காலத்துக் கவிதை இது. 1963இல் அவர் மறைந்தபின், 1965இல் வெளிவந்த ‘ஏரியல்’ தொகுப்பில் இடம்பெற்றது. ராபர்ட் லோவலின் கவிதைகளைக் குறித்து 1959இல் எம். எல். ரோசந்தால் வழங்கிய ‘ஒப்புதல் கவிதை’ என்னும் பெயர் பிளாத்துக்கும் நிலைத்துவிட்டது. அப்பெயரின் வழியே நோக்குவோர்க்கு இக்கவிதை தனிமனத் துயரின் பதிவாக மட்டுமே தோன்றக்கூடும். ஆனால், அதன் படிமங்களுள் பல அமெரிக்க வரலாற்றிலிருந்து எடுக்கப்பட்டவை.

தொடக்கத்தில் வலி இல்லை. வியப்பும் கிளர்ச்சியுமே உள்ளன. விரல் ஒரு சிறு ‘பில்கிரிம்’ ஆகிறது. பூர்வகுடி ஒருவன் அதன் உச்சித்தோலை வெட்டியெடுத்ததாகக் கற்பனை விரிகிறது. 1620இல் பிளிமத்தில் குடியேறியவர்களின் நினைவும், குடியேறிகள் பூர்வகுடிகளைப் பற்றி வளர்த்த அச்சச் சித்திரமும் இங்கு இணைகின்றன. வான்கோழியின் தொங்குதாடி போன்ற செந்நிறக் கம்பளமாகக் குருதி விரிய, பேசுபவர் அதன்மேல் விழாவுக்குச் செல்பவர்போல் அடியெடுத்து வைக்கிறார்.

செஞ்சட்டைப் படையினராகக் குருதி பெருக்கெடுக்கும்போது உணர்வுநிலை திரும்புகிறது. அமெரிக்க விடுதலைப் போரில் செஞ்சட்டையினர் பிரித்தானியப் படையினர். அமெரிக்க நினைவில் பகைவர். அவர்கள் எந்தப் பக்கத்தினர் என்னும் வினா எழுகிறது. இங்கிலாந்தில் வாழும் அமெரிக்கப் பெண்ணின் கவிதையில் இவ்வினா வெறும் விளையாட்டாக நின்றுவிடுவதில்லை. சொந்த உடலிலிருந்தே பகைவர் புறப்படுகின்றனர். இதனையடுத்துப் பேசுபவர் தம் நோயையும் விழுங்கிய மாத்திரையையும் கூறுகிறார், கிளர்ச்சி அடங்குகிறது.

பின்வரும் படிமங்கள் இருள்கின்றன. நாசவேலைக்காரன், ஜப்பானியத் தற்கொலைப் படைவீரன் ஆகிய இருவருள் முன்னவன் உள்ளிருந்தே அழிப்பவன்; பின்னவன் அழிக்கும்போதே அழிபவன். காயத்தைச் சுற்றிய வெண்துணி, கு க்ளக்ஸ் க்ளானின் முகமூடியையும் உருசியப் பெண்களின் தலைத்துணியையும் ஒருங்கே நினைவூட்டுகிறது. இனவெறியின் உடையும் பனிப்போர்க் கால எதிர்த்தரப்பின் உடையும் ஒரே கட்டில் அடங்கி, கறைபட்டு மங்குகின்றன. இறுதியில் விரல், மண்டையில் துளையிடப்பட்ட முன்னாள் படைவீரனாகவும் அழுக்குச் சிறுமியாகவும் மாறி, வெறும் குறைவிரலாக எஞ்சுகிறது.

கவிஞரின் மரணத்தை முன்வைத்து இக்கவிதையைப் பின்னோக்கி வாசித்தால், இப்படிமங்கள் அனைத்தும் நோய்க்குறிகளாகச் சுருங்கிவிடும். படிம வரிசையைப் பின்தொடரும் வாசிப்போ, சமையலறையில் நிற்கும் ஒரு பெண்ணின் உடலுக்குள்ளும் குடியேற்றம், போர், இனவெறி ஆகியவற்றின் நினைவு ஓடுவதைக் காண்கிறது. அந்நினைவில் தாம் எந்தப் பக்கம் என்பதை அவரால் அறுதியிட இயலவில்லை. கிளர்ச்சி கசப்பாக மாறுவதற்கு இத்தெளிவின்மையும் ஒரு காரணம்.