விஜயந்தா டாங்கி

இந்தியாவில் கட்டப்பட்ட முதல் முதன்மைப் போர் டாங்கி. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்துடன் 1961இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி, சென்னையை அடுத்த ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவானது. அதற்குமுன் இந்தியப் படை ஷெர்மன், செஞ்சூரியன் முதலிய அயல்நாட்டு டாங்கிகளையே நம்பியிருந்தது. ஆவடியிலிருந்து முதல் வண்டி 1965இல் வெளிவந்தது என்பர். முழு அளவிலான உற்பத்தி சில ஆண்டுகள் கழித்தே தொடங்கியதாகத் தெரிகிறது.

செலவைக் குறைக்க, விக்கர்ஸ் பொறியாளர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க முனையவில்லை. பிற்காலச் செஞ்சூரியனின் 105 மி.மீ. பீரங்கியையும், பிரிட்டிஷ் டாங்கியான சீஃப்டனுக்கென உருவான லேலண்ட் எல்60 எஞ்சினையும் எடுத்துச் சேர்த்தனர். எடை சுமார் 39 டன்; செஞ்சூரியனோ 50 டன்னைத் தாண்டும். இந்த வேறுபாட்டுக்குக் கொடுத்த விலை கவசம். மிகத் தடித்த இடத்திலும் அது 80 மி.மீ.தான், செஞ்சூரியனின் சுழல்கோபுர முகப்பு 152 மி.மீ. தடிமன் கொண்டது.

குறிபார்க்கும் முறை தனித்துக் கூறத் தக்கது. பீரங்கியோடு இணைத்துப் பொருத்திய 12.7 மி.மீ. இயந்திரத் துப்பாக்கியால் பீரங்கிவீரர் முதலில் சில குண்டுகளைச் சுடுவார். ஒளிக்கோடிட்டுப் பறக்கும் அவை இலக்கில் பட்டுப் பளிச்சிட்டால் தூரம் சரி. உடனே பீரங்கி முழங்கும். லேசர் தூரமானி வரும்வரை பிரிட்டிஷ் டாங்கிகள் பலவற்றிலும் இதுவே வழக்கம்.

எல்60 விந்தையான எஞ்சின். ஆறு சிலிண்டர்கள், பன்னிரண்டு பிஸ்டன்கள்: ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிரே வந்து நடுவில் காற்றை நெருக்கும், சிலிண்டர் தலை என்பதே கிடையாது. காகிதத்தில் அழகாகத் தெரிந்த இந்த ஏற்பாடு, களத்தில் அடிக்கடி பழுதாகிச் சீஃப்டனின் பெயரையும் கெடுத்தது.

1971 இந்திய-பாகிஸ்தான் போரில் விஜயந்தா ஈடுபட்டது. உற்பத்தி 1980களின் முற்பகுதிவரை நடந்தது. மொத்த எண்ணிக்கை சுமார் 2,200 என்று பல நூல்கள் தருகின்றன. அதனினும் குறைவென்பாரும் உளர்.

இதன் அடிச்சட்டத்தில் 130 மி.மீ. பீரங்கியை ஏற்றிய கேட்டபல்ட்டும், பாலம் சுமக்கும் கார்த்திக்கும் பின்னர் உருவாயின. ஆவடி அடுத்து டி-72, அர்ஜுன், டி-90 ஆகியவற்றுக்கு மாறியது. விஜயந்தா படிப்படியாகப் படையிலிருந்து விலக்கப்பட்டது.