‘கூலி’: ஊதியம் வசையான கதை

தமிழில் ‘கூலி’ முதலில் ஆளைக் குறித்ததன்று. உழைப்புக்கு ஈடாகப் பெறுவதைக் குறித்தது. திருக்குறளிலும் அப்பொருளே. ஆங்கிலச் சொல் இதிலிருந்து பிறந்ததா, குஜராத்தின் கோலி இனப்பெயரிலிருந்து வந்ததா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும், காலனிய ஆட்சியில் அச்சொல் ஊதியத்தை விட்டு மனிதன்மேல் ஏறிக்கொண்டது. தென்னாப்பிரிக்காவில் அது இன்று வசைச்சொல்.

1880-இல் கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் காலூன்றியது. வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சுரங்கத்துக்கு வந்த தமிழர்களுள் பெரும்பாலோர் தலித்துகள். ஊரில் சாதிப்பெயரால் விளிக்கப்பட்டோருக்கு இங்கே கூலி என்று பெயர். (சாதிப்பெயருக்கு இது மேல் என்று அமைதி கொள்வது எளிது, விளிக்கப்பட்டவர் நிலையில் நின்றால் அவ்வளவு எளிதன்று.) வெள்ளை அதிகாரிகளுக்குப் பங்களாக்கள், இவர்களுக்குத் தட்டிக் குடிசைகள் நெருங்கிய ‘கூலி லைன்’.

1930-இல் நிர்வாகம் தொழிலாளரின் கைரேகையைப் பதிவுசெய்ய முனைந்தது. குற்றவாளிகளிடம் காவல்துறை பெறும் அடையாளம் அது. கூலி என்ற பெயரைச் சுமந்தவர்கள், குற்றவாளி என்ற குறியை ஏற்க மறுத்து வேலைநிறுத்தத்தில் இறங்கினர்.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. கூலியும் போயிற்று. ‘லைன்’ மட்டும் குடியிருப்புகளின் பெயர்களில் எஞ்சியிருக்கிறது.